அமைதி, சாந்தம், நிதானம், நிம்மதி: எந்த இடத்தில் எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் 'காம்' (calm) என்ற ஒரே சொல்லைக் கடலுக்கும் சொல்கிறார்கள், முகத்துக்கும் குரலுக்கும் ஊருக்கும் சொல்கிறார்கள். தமிழில் இவை எல்லாவற்றுக்கும் 'அமைதி' என்று எழுதினால் சரியாக இருக்குமா, சாந்தம், நிதானம், நிம்மதி, மௌனம் இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்பது கேள்வி.

எல்லா இடத்துக்கும் அமைதி பொருந்தாது. எழுதினால் புரியும், ஆனால் பல இடங்களில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும், சில இடங்களில் பொருளே மாறிவிடும். இந்த நிலையைத் தமிழில் சொல்ல வரும்போது 'எது அடங்கியது?' என்ற கேள்வி உள்ளுக்குள் ஓடுகிறது. சத்தம் அடங்கினால் ஒரு சொல், கோபம் தணிந்தால் வேறு சொல், அவசரம் போனால் இன்னொன்று, கவலை விட்டால் மற்றொன்று. எது அடங்கியது என்று தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்து விழும்.

முதலில் 'அமைதி'யைப் பார்ப்போம். பலரும் நினைப்பதுபோல இதன் அடிப்படைப் பொருள் சத்தமின்மை அன்று. வேர் 'அமை'. வீடு அமைந்தது, வரன் அமைந்தது, பாட்டு நன்றாக அமைந்தது என்கிறோமே, அதே அமை. பொருந்துதல், இடத்தில் உட்காருதல், நிறைதல், போதுமாதல் எல்லாம் இந்த வினைக்குள் அடக்கம். உறு என்பதிலிருந்து உறுதி, தகு என்பதிலிருந்து தகுதி, விடு என்பதிலிருந்து விடுதி வந்த மாதிரி அமை என்பதிலிருந்து அமைதி. ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் பொருந்தியிருக்கும் நிலை என்பதே நேர்ப்பொருள்.

பள்ளியில் படித்த 'வழுவமைதி'யை நினைவுபடுத்திப் பாருங்கள். பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்று சொல்வது இலக்கணப்படி வழு, அஃறிணையை உயர்திணையாக்கிவிட்டோம். ஆனால் அன்பினால் சொன்னது என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறோம். பிழைதான், ஆனாலும் இடத்தில் பொருந்திவிட்டது. அதனால் வழு அமைதி. இங்கே சத்தத்துக்கு வேலையே இல்லை. சொல்லமைதி, பொருளமைதி, ஓசையமைதி என்று உரைகாரர்கள் சொல்வதும் இந்தப் பொருளில்தான். ஓசையமைதி என்றால் ஓசை இல்லாமை அல்ல, ஓசை சரியாகப் பொருந்தி வந்திருப்பது.

திருக்குறளிலும் இதே கருத்து நிற்கிறது. 'அமைந்தாங் கொழுகான்' என்று தொடங்கும் 474ஆவது குறள், மற்றவர்களோடு பொருந்தி நடக்காதவன், தன் அளவை அறியாதவன், தன்னையே வியந்துகொள்பவன் விரைவில் கெடுவான் என்கிறது. 740ஆவது குறளில் 'வேந்தமை வில்லாத நாடு' வருகிறது. எல்லா வளமும் அமைந்திருந்தாலும் அரசனோடு பொருத்தம் இல்லாத நாட்டால் பயனில்லை என்பது கருத்து. நாட்டுக்கும் ஆள்பவனுக்கும் நடுவில் உள்ள பொருத்தம்தான் அங்கே அமைவு. இன்று 'ஊரில் அமைதி நிலவுகிறது' என்று செய்தியில் வாசிக்கும்போது நாம் உணர்வதும் இதுதான். ஊரில் சத்தமே இல்லை என்றா புரிந்துகொள்கிறோம்? கடை திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறோம்.

சத்தமின்மை என்ற பொருள் கூடவே வந்து சேர்ந்து, இன்றைக்குப் பேச்சில் அதுவே முன்னால் நிற்கிறது. நூலகத்தில் 'அமைதி காக்கவும்', வகுப்பில் ஆசிரியர் 'அமைதி, அமைதி' என்பது, சட்டமன்றத்தில் அவைத்தலைவர் சொல்வது எல்லாம் 'வாயை மூடு' என்பதன் மரியாதையான வடிவம். அமைதிப் பேரணி என்றால் கோஷம் போடாமல் நடப்பது. இங்கேதான் மொழிபெயர்க்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 'குற்றச்சாட்டுகள் குவிந்தபோதும் அவர் அமைதி காத்தார்' என்று எழுதினால் அவர் பதறவில்லை என்று யாரும் படிக்கமாட்டார்கள், பதிலே சொல்லவில்லை என்றுதான் படிப்பார்கள். பதறவில்லை என்பதே சொல்ல வந்தது என்றால் 'நிதானம் இழக்கவில்லை' என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் பெயரே கெட்டுப்போகலாம்.

எழுதும்போது ஒற்று விஷயத்திலும் கவனம் வேண்டும். 'அமைதி காத்தார்' என்பதில் க் வராது. அமைதியைக் காத்தார் என்பதில் உள்ள ஐ உருபு தொக்கி நிற்கிறது, அப்படி இரண்டாம் வேற்றுமைத் தொகையாக வரும் இடத்தில் வல்லினம் மிகாது. 'அமைதிக் காத்தார்' என்று அச்சிலேயே பார்க்க நேர்கிறது, அது பிழை. அமைதிப் பேரணி, அமைதிப் பேச்சு, அமைதிப்படுத்து, அமைதியாகப் பேசினார் ஆகியவற்றில் மிகும். 'அமைதியான பேச்சு' என்பதில் மிகாது.

ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல் நிற்கும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரம் 39ஆம் வசனம். படகு புயலில் சிக்கியிருக்கிறது, சீடர்கள் பயந்து இயேசுவை எழுப்புகிறார்கள். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர் கடலைப் பார்த்துச் சொல்வது: 'இரையாதே, அமைதலாயிரு.' அடுத்து, காற்று நின்றுபோய் 'மிகுந்த அமைதல் உண்டாயிற்று'. கிரேக்க மூலத்தில் முதல் கட்டளைக்கு 'பேசாதிரு' என்று பொருள். தமிழில் கடல் பேசாது, இரையும். இரைச்சல் கடலுக்கும் காற்றுக்கும் உரிய சொல். அதனால் 'இரையாதே' என்று எதிர்மறையில் போட்டிருக்கிறார்கள். சத்தத்தை ஒரு சொல்லிலும் அலையை இன்னொரு சொல்லிலும் பிரித்துவிட்டார்கள். 'அமைதியாயிரு' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் கடலைப் பள்ளிப் பிள்ளை மாதிரி அதட்டியதுபோல ஆகியிருக்கும். 'அமைதல்' என்று வினையின் வாடை போகாமல் வைத்ததால், எழும்பி நின்ற தண்ணீர் தன் மட்டத்துக்கு இறங்கி உட்காருவது கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ் காது உள்ள ஒருவர் செய்த வேலை அது.

இந்த 'இரையாதே' இன்னொன்றையும் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ஒருவரைத் தணிக்க நேர்மறையாகக் கட்டளையிடுகிறார்கள். தமிழில் பெரும்பாலும் எந்தக் கலக்கம் இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லி 'வேண்டாம்' என்கிறோம். பதறாதே, படபடக்காதே, ஆத்திரப்படாதே, அவசரப்படாதே, கலங்காதே, பயப்படாதே. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. விபத்துச் செய்தி கேட்டு ஓடி வரும் தாயிடம் 'பதறாதீங்கம்மா, புள்ள நல்லா இருக்கு' என்போம். அதே தாயிடம் 'அமைதியா இருங்கம்மா' என்றால், சத்தம் போடாதே என்று அதட்டுவதுபோல் கேட்கும். மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் இந்த ஒரு வாக்கியத்தால் மூளும் சண்டைகள் உண்டு. கோபத்தில் நிற்கிறவரிடம் 'அண்ணே, ஆத்திரப்படாதீங்க, உட்காருங்க, பேசிக்கலாம்' என்றால் இறங்கி வருவார். 'டென்ஷன் ஆகாதீங்க' என்பதும் இப்போது தமிழாகிவிட்டது, அமைப்பிலும் அது தமிழ்தான்: கலக்கத்தின் பெயர், பிறகு எதிர்மறை. 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியும் அதே அச்சில் வார்த்தது.

பெயர்ச்சொற்களைவிட வினைகளில்தான் தமிழின் செல்வம் இருக்கிறது. குக்கரில் ஆவி அடங்கும், கொதி அடங்கும், கூட்டத்தின் கூச்சல் அடங்கும். மழை ஓயும், அலை ஓயும், பேச்சு ஓயும். காய்ச்சல் தணியும், கோபம் தணியும், தாகமும் தணியும். காபி ஆறும், புண் ஆறும், மனசு ஆறும். கலங்கிய தண்ணீர் தெளியும், மயக்கமும் குழப்பமும் தெளியும். நோயாளி தேறுவார், துக்கத்தில் இருப்பவரும் தேறுவார். இவற்றில் அடங்குதலுக்கும் ஓய்தலுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அடங்கியது மறுபடி கிளம்பும், அடுப்பைக் கூட்டினால் கொதி திரும்ப வரும். ஓய்ந்தது தன் பலம் தீர்ந்து முடிந்துபோனது.

தணிதல் 'தண்' என்ற குளிர்ச்சிச் சொல்லின் குடும்பம். ஆறுதலும் சூடு போவதுதான். ஔவையார் 'ஆறுவது சினம்' என்றார், சினம் என்பது சூடு, அதை ஆறவிடு என்று. வெயில் நாட்டு மொழிக்கு மனம் அடங்குவது குளிர்வதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆங்கிலச் சொல் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'கௌமா' என்றால் கொளுத்தும் வெயில். அது லத்தீன், இத்தாலிய வழியாக வரும்போது, நடுப்பகல் வெயிலில் காற்றும் ஆளும் அசையாமல் கிடக்கும் நேரத்தைக் குறித்தது, பிறகு அசையாத கடலைக் குறித்தது. வெயிலால் ஏற்பட்ட அசைவின்மை அவர்கள் சொல்லில் இருக்கிறது, சூடு போன குளிர்ச்சி நம் சொல்லில் இருக்கிறது. 'ஆற அமர யோசி' என்ற வழக்கை அப்படியே வேறு மொழிக்குக் கொண்டுபோக முடியாததற்கு இதுவே காரணம். சூடும் தணிய வேண்டும், உடம்பும் உட்கார வேண்டும், பிறகுதான் யோசனை.

தெளிதலுக்கும் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளியும். தேற்றுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். கலித்தொகையில் காதலனைப் பிரிந்து அறிவு கலங்கிய ஒரு பெண் அவனைச் சேர்ந்ததும், இந்தக் கொட்டை தேற்றிய நீர்போலத் தெளிந்தாள் என்று வருகிறது. இன்றும் துக்க வீட்டில் 'மனசைத் தேத்திக்கோ' என்கிறோமே, அது அந்தப் பானைத் தண்ணீருக்குச் சொல்லும் அதே வார்த்தை. சேறு காணாமல் போய்விடவில்லை, அடியில் படிந்துவிட்டது. துக்கம் அப்படித்தான் அடங்குகிறது என்பதால் அந்த இடத்தில் 'அமைதியாயிரு' எடுபடாது, 'தேறிக்கொள்' எடுபடும்.

இந்த வினைகளை அடுக்கிச் சொன்னதில் பிசிராந்தையாரை மிஞ்ச ஆள் இல்லை. இவ்வளவு வயதாகியும் ஏன் தலை நரைக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன காரணங்களில் கடைசியானது, 'ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்' பலர் தம் ஊரில் வாழ்கிறார்கள் என்பது (புறநானூறு 191). ஆன்று என்றால் நிறைந்து, அவிந்து என்றால் தீ அணைவதுபோல ஆசையும் சினமும் அணைந்து, அடங்கி என்றால் தன் எல்லைக்குள் நின்று. வரிசையைக் கவனியுங்கள், முதலில் நிறைவு வருகிறது. நிறைகுடம் தளும்பாது என்பதன் இலக்கிய வடிவம் இது. ஒருவரின் ஆழ்ந்த அடக்கத்தைப் பற்றி எழுதும்போது 'அமைதியானவர்' என்று முடித்துவிட்டால், அவர் அதிகம் பேசாதவர் என்பது மட்டும்தான் வாசகருக்குப் போய்ச்சேரும்.

இனி மற்றப் பெயர்ச்சொற்கள். சாந்தம் வடமொழியிலிருந்து வந்தது. கோபமோ கடுமையோ இல்லாத முகத்துக்கும் குணத்துக்கும் அது பொருந்தும்: சாந்தமான முகம், சாந்த சொரூபி. உக்கிரமாக இருந்த தெய்வத்தைச் சாந்தப்படுத்தினார்கள் என்று தலபுராணம் சொல்லும். அந்த இடத்தில் 'அமைதிப்படுத்தினார்கள்' எடுபடாது, ஏனெனில் தணிக்க வேண்டியது உக்கிரம். தொல்காப்பியம் நகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளையே, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளையே, சொல்கிறது, சாந்தம் அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டியத்தில் ஒன்பதாகச் சொல்லும்போதுதான் சாந்தம் சேர்கிறது, அதைச் சமநிலை என்று தமிழில் சொல்வார்கள். பசிபிக் பெருங்கடலுக்குச் சாந்த சமுத்திரம் என்ற பெயரும் இருந்தது. கடலோடி மெகல்லன் 1520இல் தென்னமெரிக்காவின் தெற்கு முனையருகே உள்ள நீரிணையைக் கடந்து வந்தபோது அடங்கிய கடலைக் கண்டு வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது.

'சாந்தி' வேறு. அதைச் சாதாரண மன அமைதிக்குப் போடுவதில் கவனம் தேவை. ஆத்ம சாந்தி என்றால் இறந்தவர் நினைவு வரும், சாந்தி கழித்தல் என்றால் தோஷ நிவர்த்திச் சடங்கு, சாந்தி முகூர்த்தம் என்றால் முதலிரவு. தியானப் பயிற்சிக் கையேட்டில் 'தினமும் பத்து நிமிடம் சாந்தி பெறுங்கள்' என்று எழுதினால் வாசகர் மனம் எங்கெங்கோ போகும்.

நிதானம்தான் ஆங்கிலச் சொல்லின் இடத்தில் அடிக்கடி வர வேண்டிய சொல், குறைவாகப் பயன்படுவதும் அதுவே. வடமொழியில் இதற்கு மூல காரணம் என்று பொருள், ஆயுர்வேதத்தில் நோயின் காரணத்தை ஆராய்வதற்கு நிதானம் என்றே பெயர். தமிழில் நிதானித்தல் என்றால் அளந்து பார்த்து முடிவுக்கு வருதல். ஆகவே நிதானத்தில் வேகக் குறைவு மட்டும் இல்லை, அறிவும் விழித்திருக்கிறது. 'நிதானமா ஓட்டு' என்றால் மெதுவாக என்பதோடு பார்த்து ஓட்டு என்பதும் சேர்ந்தது. குடித்தவனை 'நிதானத்துல இல்ல' என்று சொல்வது இதனால்தான். அவன் ஒரு மூலையில் சத்தமே இல்லாமல் கிடந்தாலும் நிதானத்தில் இல்லை. நெருக்கடியில் தடுமாறாத தலைவர், கடைசி ஓவரில் பதறாத ஆட்டக்காரர், அறுவைச் சிகிச்சையில் கை நடுங்காத மருத்துவர் எல்லோருக்கும் நிதானம்தான். குரலுக்கும் அப்படியே. 'அமைதியான குரல்' என்றால் தாழ்ந்த குரல், 'நிதானமான குரல்' என்றால் பதற்றம் இல்லாத குரல். பின்னது உரக்கவும் இருக்கலாம்.

நிம்மதி கவலை விட்ட மனத்துக்கு மட்டும் உரியது. நிம்மதியான தூக்கம், நிம்மதிப் பெருமூச்சு, நிம்மதி போச்சு என்றெல்லாம் வரும். கடலுக்கு நிம்மதி கிடையாது, குரலுக்கும் கிடையாது. கன்னடத்திலும் நெம்மதி என்றால் மன நிம்மதிதான். தெலுங்கில் அதே சொல்லுக்கு இன்று முன்னால் நிற்கும் பொருள் 'மெதுவாக'. தெலுங்குக்காரர் நெம்மதியாகப் போகச் சொன்னால் மெல்லப் போகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

மௌனம் பேச்சின்மை மட்டுமே, உள்ளே எரிமலை இருக்கலாம். 'மௌனம் சாதித்தார்' என்பதில் பிடிவாதமும் சேர்ந்துவிடும். இடத்தின் சத்தமின்மைக்கு நிசப்தம் உண்டு, அதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். பேச்சு வழக்கில் 'கம்முனு இரு', 'பேசாம இரு', 'சும்மா இரு' எல்லாம் வாயை அடக்கத்தான். ஆனால் 'சும்மா'வுக்கு இன்னொரு உயரமும் இருக்கிறது. அருணகிரிநாதர் 'சும்மா இரு சொல் அற' என்று பாடியதும் இதே இரண்டு சொல்தான், வீட்டில் பிள்ளையை அதட்டும் அதே சொற்கள்.

சமாதானம் இருவர் நடுவில் நிகழ்வது. 'சமாதானமாப் போங்க' என்றால் சண்டையை விடுங்கள் என்று பொருள், 'சமாதானம் சொல்லாதே' என்றால் சாக்குச் சொல்லாதே என்று பொருள். போர் இல்லாத நிலைக்குத் தமிழ்நாட்டில் அமைதி என்பதும் இலங்கையில் சமாதானம் என்பதும் அதிகம் வரும். அங்கே ஊரில் கையொப்பமிட்டுச் சான்றளிக்கும் பதவிக்குச் சமாதான நீதவான் என்றே பெயர். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையின் பெயரில் 'அமைதி காக்கும்' இருந்தது. அந்தச் சொல் அங்குள்ள தமிழர் காதில் எப்படி விழும் என்பதை, அவர்களுக்காக எழுதுகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் அடிக்கடி கண்ணில் படும் பிழைகள் சில. அழகுப் பொருள் உறையில் 'சருமத்தை அமைதிப்படுத்தும்' என்கிறார்கள், 'எரிச்சலைத் தணிக்கும்' என்றால் முடிந்தது. 'அமைதியான தண்ணீர்' என்பதற்கு 'அலை இல்லாத தண்ணீர்' அல்லது 'அசையாத தண்ணீர்' போதும். 'சந்தை அமைதியாக இருந்தது' என்பதற்கு விலையில் ஏற்ற இறக்கம் இல்லை என்று எழுதலாம். குழந்தை வளர்ப்புக் கட்டுரையில் 'அழும் குழந்தையை அமைதிப்படுத்துங்கள்' என்பதைவிட 'அழுகையை அமர்த்துங்கள்', 'சமாதானப்படுத்துங்கள்' என்பவை வீட்டுத் தமிழ்.

சொல் பிசகினால் உயிருக்கே ஆபத்து வரும் இடமும் ஒன்று உண்டு. புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நடந்தது போல. கண் நகர்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து காற்று பழைய வேகத்தில் திரும்ப அடிக்கும். அந்த இடைவெளியைப் பற்றிய அறிவிப்பில் 'அமைதி திரும்பும்' என்று எழுதினால் ஜனங்கள் எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்துவிடுவார்கள். 'ஓய்ந்துவிடும்' என்பதும் தவறு, அதுவும் முடிந்துபோனதைத்தான் சொல்கிறது. எழுத வேண்டியது இப்படி: 'காற்று சற்று நேரம் அடங்கியிருக்கும், மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து வீசும், அதுவரை யாரும் வெளியே வர வேண்டாம்.'